பூ இல்லாத நாளில் காயா

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் விளையின் (தோட்ட நிலத்தின்) தெற்கு வேலியைத் திருத்த வந்தவர், அங்கே அடர்ந்து நின்ற ஒரு புதரை விறகுச்செடி என்று கருதி வெட்டுக்கத்தியை ஓங்கியபோது நான் தடுத்தேன். அடுத்த இரண்டு வாரத்திற்குள், அதன் பழைய கிளைகளில், இலை உதிர்ந்த கணுக்களில் எல்லாம் நீலம் பொங்கி நின்றது. பார்க்க வந்த அவரே, "இதையா வெட்டப் போனேன்?" என்றார். அந்தப் புதர்தான் காயா. காசா என்றும் சொல்வதுண்டு. மலையாளத்தில் காசாவு, காயாம்பூ என்பார்கள். தாவரவியலில் இது மெமிசிலான் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது.

திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று நாள்தோறும் பாடுகிறவர்கள்கூட இச்செடியை அருகில் பார்த்திருப்பது அரிது. பூ சில நாள்களில் உதிர்ந்துவிடும், மாலை கட்டவும் உதவாது என்பதால், தோவாளைப் பூச்சந்தையில் நான் இதைக் கண்டதே இல்லை. ஆகவே பூவுக்காகக் காத்திராமல் இலையைக் கொண்டே காயாவை அறிந்துகொள்வது நல்லது.

முல்லைப்பாட்டு "செறியிலைக் காயா அஞ்சனம் மலர" என்று சொல்லும். 'செறியிலை' என்ற அந்த அடைமொழி மிகச் சரியானது. இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்து, தோல்போல் தடித்து, கரும்பச்சையாகப் பளபளக்கும். ஓர் இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடு நரம்பு மட்டும் தெளிவாகத் தெரியும். பக்க நரம்புகள் தடிப்புக்குள் மறைந்திருக்கும். நாவல் இனத்து இலையிலோ பக்க நரம்புகள் நெருங்கி ஓடி, விளிம்பை ஒட்டிய ஒரு கோட்டில் சேர்வதைக் காணலாம். கசக்கினால் வாசமும் வரும். காயா இலையில் அந்த வாசம் இல்லை. இச்சோதனையை நான் காசு கொடுத்துக் கற்றேன்: ஒரு நாற்றுப்பண்ணையில் காயா என்று வாங்கி நட்ட கன்று, நான்கு ஆண்டுகள் வளர்ந்த பிறகு, நாவலின் உறவுச்செடியாக வெள்ளைப் பூப் பூத்தது!

பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்தால், நான்கு நீல இதழ்களும், அவற்றினும் கருநீலமான எட்டு மகரந்தக் கேசரங்களும் தெரியும். பச்சையாகத் தொடங்கிச் சிவந்து, பின் கறுத்து முதிரும் உருண்டைக் காயின் தலையில், மாதுளையின் முடியைச் சிறிதாக்கி வைத்ததுபோல ஒரு வளையம் இருக்கும். உள்ளே ஒரே விதைதான். பழத்தைத் தின்னலாம், துவர்ப்பு மிகுதி.

காயா இலை மண்ணிலுள்ள அலுமினியத்தை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் இயல்புடையது. அதனால், சோழமண்டலக் கடற்கரையின் சாயக்காரர்கள், துணியில் சாயவேரின் சிவப்பு நன்றாகப் பற்றுவதற்கு இந்த இலையையும் பயன்படுத்தினார்கள். அலுமினியம் வேருக்கு எளிதில் எட்டுவது புளிப்புள்ள, அதாவது அமிலத்தன்மையுள்ள மண்ணில் என்பதால், கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் விளைகள் இதற்கு ஒத்துவரும் என்பது என் கணிப்பு. சுண்ணாம்பு இடாதீர்கள், இலைமக்கு போதும்.

விதையைக் காயவைத்துச் சேமிக்கும் வழக்கம் இங்கே உதவாது. உலர்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும். நன்றாகப் பழுத்ததைப் பறித்த அன்றே சதையைக் கழுவி நீக்கி, அடியில் துளையிட்ட சிரட்டையில் மணலும் மக்கும் கலந்து ஊன்ற வேண்டும். ஓலைக் கிடுகின் நிழலில் வைத்து, மண் காயாமல் தெளித்து வாருங்கள். நட்ட பிறகு இடம் மாற்றினால் வேர் நொந்து செடி பல மாதங்கள் அசையாமல் நிற்கும். ஆதலால் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதும், நிலையான இடத்திலேயே நட்டுவிடுவது நல்லது. பூத்து முடிந்த உடனே கத்தரிக்கலாம். பிந்திக் கத்தரித்தால் அடுத்த பூவுக்குரிய கிளைகளே போய்விடும்.

இதன் வளர்ச்சி மிக மெதுவானது என்பதை மறைக்க விரும்பவில்லை. வேலிப்புதரிலிருந்து நான் எடுத்து ஊன்றிய ஏழு விதைகளில் மூன்று முளைத்தன. ஒன்றை ஆடு கடித்தது. மற்ற இரண்டும் ஐந்து ஆண்டுகளில் என் இடுப்புக்குக்கூட எட்டவில்லை. இன்னும் பூக்கவும் இல்லை. வேலி திருத்த வருகிறவர் இப்போது அவற்றைச் சுற்றிக் கம்பு நட்டு வைத்திருக்கிறார்.

நன்றி, வணக்கம்.