130 ஜிபி வரை மட்டும் பறந்த எஸ்எஸ்டி

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இரவு பத்து மணியாகியும் புழுக்கம் தணியவில்லை. மின்விசிறியின் இரைச்சலைப் பற்றி வழக்கம்போல் குறை சொல்பவர்கள் இன்றும் சொல்லலாம், அதை நிறுத்தப்போவதில்லை.

தைப்பூசக் காவடியைப் படமெடுக்கப் போவதாகச் சென்ற காணொளியில் சொல்லியிருந்தேன் அல்லவா? டர்பன் பக்கத்து மவுண்ட் எட்ஜ்கோமில் இரண்டு மணி நேரப் பதிவு கிடைத்தது. 4கே, புரோரெஸ் 422 (எடிட்டிங்கிற்காக அதிகம் சுருக்காமல் வைக்கும் காணொளி வடிவம்), விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் மணிக்கு ஏறக்குறைய 221 ஜிபி. ஆக, 442 ஜிபியைப் போன மாதம் வாங்கிய 1 டிபி எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவுக்கு, மாற்ற வேண்டியிருந்தது. பெட்டியில் விநாடிக்கு 1000 எம்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதல் இரண்டரை நிமிடம் 900இல் பறந்த அந்தச் சனியன், 130 ஜிபி ஆனதும் 85க்கு இறங்கிப் படுத்துக்கொண்டது. மீதிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று!

காரணம் அதற்குள் இருக்கும் கியூஎல்சி வகைச் சிப். அதில் ஒரு செல்லில் நான்கு பிட்டுகளை எழுத வேண்டும். அது மெதுவான வேலை. ஆகவே காலியாக இருக்கும் இடத்தில் முதலில் செல்லுக்கு ஒரு பிட் என்று அவசரமாக எழுதிக்கொண்டு, பிறகு ஒழுங்குபடுத்துகிறது. அப்படியானால் காலி இடத்தில் கால் பங்கு வரைதான் அந்த வேகம் கிடைக்கும். என்னுடையதில் பழைய காணொளிகளே 400 ஜிபி இருந்தன; மீதி 600இல் கால் பங்கு என்றால் 150க்குள்தான்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த 900கூட இரண்டாம் நாள்தான் வந்தது. முதல் நாள் மாலை முழுவதும் 38 எம்பிதான். கணினியை மூன்று முறை அணைத்துப் போட்டேன், விற்ற கடைக்காரரை மனதாரத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், பெட்டியோடு வந்த கேபிளைத் தம்பி எடுத்துப்போய், தன் கைப்பேசி சார்ஜர் கேபிளை அந்த இடத்தில் வைத்திருக்கிறான். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் இவனுடையது யுஎஸ்பி 2.0, விநாடிக்கு 480 மெகாபிட்டுக்கு, அதாவது 60 எம்பிக்கு, மேல் அதற்கு வழியே இல்லை. இப்போது நல்ல கேபிளில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்; அதைத் தொட்டால் வீட்டில் சண்டை நடக்கும்.

நேரலைக்கு எந்த டிரைவ் என்று பலர் கேட்கிறீர்கள். 6 மெகாபிட் நேரலையைப் பதிவு செய்ய விநாடிக்கு 1 எம்பிகூடத் தேவையில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கே போதும். எடிட்டிங்கிலும் மூன்று கேமராக்களின் புரோரெஸ் 422 சேர்ந்தால் விநாடிக்கு 185 எம்பிதான் ஆகும், அதற்குச் சாட்டா என்ற பழைய இணைப்பில் வரும் சாதாரண எஸ்எஸ்டி தாங்கும். 14,000 எம்பி என்று விற்கும் ஜென் 5 அதிவேக எஸ்எஸ்டிக்குப் பணத்தைக் கொட்டுவது வீண் பகட்டு. பெரிய கோப்புகளை அடிக்கடி மாற்றுபவர்கள் டிஎல்சியா (செல்லுக்கு மூன்று பிட் எழுதும் வகை) என்று கேட்டு, டிரைவ் நிறைய நிறைய எழுதும் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

நானும் 2 டிபி டிஎல்சி ஒன்றை வாங்கிவிட்டேன். விலையைச் சொன்னால் வயிறு எரியும். அதே 442 ஜிபி எட்டு நிமிடத்திற்குள் இறங்கிவிட்டது, ஓரிடத்திலும் தளரவில்லை. சூடு மட்டும் அதிகம் என்பதால் அம்மாவின் எவர்சில்வர் தட்டின்மேல் வைத்திருக்கிறேன், இதோ பாருங்கள். காலையில் அவர் தேடுவதற்குள் அதைத் திருப்பி வைத்துவிட வேண்டும்.