வாழைக்கு முதலில் ஜிப்சம், பிறகு நுண்ணுயிர்

நேயர்களுக்கு வணக்கம்.

பயிருக்கு உதவும் நுண்ணுயிர்கள் அடங்கிய உயிர் உரம் போட்டும் வாழையில் பலன் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், போட்ட உரத்தைக் குறை சொல்வதற்கு முன் அவருடைய மண் பரிசோதனை அட்டையைப் பார்க்க வேண்டும். திருச்சி மாவட்டத்தில் காவிரிப் படுகையை விட்டு மணிகண்டம், நாவலூர் குட்டப்பட்டுப் பக்கம் வந்தால் களர் நிலங்களைக் காணலாம். அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி இருப்பதே அத்தகைய நிலத்தில்தான். அங்கே களித்துகள்களைச் சோடியம் பற்றிக்கொண்டிருப்பதால், மண் நனைந்தால் குழைந்து, காய்ந்தால் ஓடுபோல் இறுகி, நீரையும் காற்றையும் கீழே விடுவதில்லை. வேரே திணறும் இடத்தில் வேரை அண்டிப் பிழைக்கும் நுண்ணுயிர் எப்படிப் பெருகும்?

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அதிலுள்ள கால்சியம், களித்துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, வெளியேறிய சோடியம் சல்பேட்டாகி நீரில் கரைகிறது. இட வேண்டிய அளவை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டு, பாத்தி கட்டி, ஜிப்சத்தைச் சீராகத் தூவி மண்ணோடு கலந்து, நல்ல நீரைத் தேக்கி வடிக்க வேண்டும். வடிகால் வெட்டாமல் இதைச் செய்வது வீண் செலவு. கரைந்த உப்பு போக வழியின்றி அதே வயலில் தங்கிவிடும். சிறுமலை, கீழ்ப்பழனி மலைகளில் மலைவாழை வளரும் அமில மண்ணுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. அங்கே சுண்ணாம்புதான் தேவை. களர் மண்ணில் கரையாமல் கிடக்கும் பாறை பாஸ்பேட் என்ற மணிச்சத்து உரமும் அங்கே மெல்லக் கரைந்து பயன்தரும்.

மண் இளகிய பிறகு நுண்ணுயிருக்கு வருவோம். ரஸ்தாளி பயிரிடுவோர் அஞ்சுவது வாடல் நோய்க்குத்தான். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். கிழங்கை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். இந்த நோயை உண்டாக்கும் பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கக்கூடியது. நோய் வந்த மரத்தை டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூசணம் குணப்படுத்தும் என்று எதிர்பார்ப்பது தவறு. அது நோய்ப் பூசணத்தோடு இடத்துக்கும் உணவுக்கும் போட்டியிட்டு வேரைக் காப்பது. ஆகவே நடும்போதே வேருக்கருகில் இருக்க வேண்டும். அதைப் பொடியாக அப்படியே குழியில் கொட்டாமல், மக்கிய தொழு உரத்தில் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, நிழலில் ஈரச் சாக்கால் மூடி, இரண்டு வாரம் பெருகவிட்டுக் குழிகளில் இட்டால், தின்ன உணவோடு அது மண்ணில் இறங்கும்.

பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் அடுக்கி வைத்திருந்த சரக்கு வேண்டாம். டிரைக்கோடெர்மா இட்ட குழியில் கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றினால், நோய்ப் பூசணத்துக்கு முன்பே நீங்கள் வளர்த்த பூசணம் மடிந்துவிடும்.