திரை தானாக விலகவில்லை

நடுவர் அவர்களே, பெங்களூர்த் தமிழ்ச் சொந்தங்களே, வணக்கம். "வாழ்வில் நம்பிக்கை தருவது காலமா, செயலா?" என்ற தலைப்பில், செயலே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா, வள்ளுவரையே சாட்சிக்கு அழைத்துவிட்டார். 1991இல் திறக்கவிருந்த, நம் பெங்களூர் அல்சூரின் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது, காலம் கனிந்ததும் 2009 ஆகஸ்டில் திறந்தது என்றார். ஐயா, பாதிக் கதையோடு நிறுத்திவிட்டீர்கள். அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்கும் சிலை திறந்தார்களே! அன்றைய கர்நாடக முதலமைச்சர் எடியூரப்பாவும் தமிழக முதலமைச்சர் கருணாநிதியும் பேசி, இசைந்து, எதிர்ப்பைத் தாண்டி எடுத்த முடிவு அது. அந்த 18 ஆண்டுகளும் காலம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது ஒன்றே போதுமென்றால் திரை எப்போதோ விலகியிருக்க வேண்டும்.

"முதலமைச்சர்களால் முடியும், எளியவர் என்ன செய்வார்?" என்று அடுத்து வந்த சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. என் நேரத்தை அதற்கே தருகிறேன்.

ஓசூர் ரோட்டில் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கார்மென்ட்ஸ் வேலைக்கு விரையும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி நாள் முழுக்கக் காலர் மட்டும் தைப்பாள், பக்கத்தில் இருப்பவள் கை மட்டும். மணிக்கு இத்தனை என்று கணக்கு, குறைந்தால் வசவு. கழிப்பறைக்கு எழுந்தால் கணக்கு குறையுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் உண்டு. இவர்களில் பலருக்குச் சேமிப்பு என்றால் பி.எஃப். பணம்தான், அதாவது சம்பளத்தில் பிடித்த பங்கும் முதலாளி செலுத்தும் பங்கும் சேரும் வருங்கால வைப்பு நிதி. வேலையை விடும்போது அதை எடுத்துத்தான் மகளின் கல்லூரிக் கட்டணம், அம்மாவின் ஆபரேஷன். 2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு விதி போட்டது: முதலாளி செலுத்திய பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது. அந்த இயந்திரத்தின் முன் 58 வயதுவரை குனிந்திருக்க யாருக்கு முதுகு தாங்கும்?

ஏப்ரல் 18. பொம்மனஹள்ளியில் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுச் சாலைக்கு வந்தார்கள். ஓசூர் ரோடு நின்றது. எந்தக் கட்சியும் அழைக்கவில்லை, முன்னால் நடக்கத் தலைவர் யாரும் இல்லை. மறுநாள் கல்வீச்சு, பஸ் எரிப்பு, தடியடி, கண்ணீர்ப்புகை எல்லாம் நடந்தன. அந்தத் தீயை நான் ஒருபோதும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அன்றே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. பெங்களூருக்கு மட்டுமல்ல, நாடு முழுவதுக்கும்.

"சம்பளம் உயர்ந்துவிட்டதா?" என்று எதிரணி கேட்கலாம். வாழும் அளவுக்கு உயரவில்லை. வசவும் நிற்கவில்லை. எங்கள் தெரு அக்கா ஒருவர் அன்று சாலையில் உட்கார்ந்தவர். இன்றும் காலர்தான் தைக்கிறார். ஆனால் ஆலையின் குழந்தைகள் காப்பகம் பூட்டிக் கிடந்தபோது நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். சாவி வரும்வரை நகரவில்லை. அந்தக் கதவைத் தட்டும் துணிவை அவருக்கு எந்தப் பஞ்சாங்கம் கொடுத்தது என்று எதிரணி சொல்லட்டும். நான் அமர்கிறேன். நன்றி, வணக்கம்.