பிறை படுத்திருக்கும் ஊரில்

நேயர்களுக்கு வணக்கம். சனிக்கிழமைகளில் எங்கள் வட்டார நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தமிழில் புத்தகம் வாசித்துக் காட்டும் தொண்டூழியன் நான். பணி ஓய்வுக்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட வேலை. அட்டையில் ராக்கெட்டோ வளையம் போட்ட சனிக்கோளோ இருந்தால் போதும், அந்தப் புத்தகத்துக்குத்தான் முதல் சண்டை. டைனோசருக்கு இரண்டாவது இடம்தான். அதனால் சிறுவர்களுக்கான விண்வெளிப் புத்தகங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

என் பேத்தி தொடக்கநிலை இரண்டில் படிக்கிறாள். ஒரு நாள் மாலை வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவள், உள்ளே ஓடிப்போய் நூலகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தாத்தா, இதுல நிலா நிக்குது. அங்க படுத்திருக்கு. எது சரி?"

இரண்டுமே சரிதான். நம் கைக்கு வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்டவை. அங்கே சூரியன் சாய்வாக இறங்கி மறையும். நாமோ சிங்கப்பூரில், நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறோம். இங்கே சூரியன் கிணற்றில் வாளி இறங்குவதுபோல நேராக இறங்கும். பிறை மேலே நிற்க, மறைந்த சூரியன் அதற்கு நேர் கீழே இருக்கும். அடிப்பக்கத்தில் வெளிச்சம் படுவதால் நிலா தோணி மாதிரி தெரிகிறது. மாதத்துக்கு மாதம் தோணி கொஞ்சம் சாயும், அவ்வளவுதான். நம் நாட்டுக் கொடியிலும் பிறை நிமிர்ந்துதான் இருக்கிறது. அது கொடி, விட்டுவிடுவோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த விண்வெளிப் புத்தகத்தை எடுத்தாலும், இது எந்த ஊர் வானம் என்று பார்ப்பேன். துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பார் என்று எழுதியிருக்கும். இங்கே அது அடிவானத்திலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. எதிர் புளோக் மறைக்காவிட்டால் மேகம் மறைக்கும். பூமி சாய்ந்திருப்பதால் குளிர்காலத்தில் பகல் சுருங்கும் என்று இரண்டு பக்கம் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். நம் பிள்ளைகள் அதைப் பரீட்சைக்குப் படிக்கலாம், கண்ணால் பார்க்க முடியாது. இங்கே ஆண்டு முழுவதும் பார்த்தாலும் பகலின் நீளம் பத்து நிமிடம்கூட மாறாது. அதற்குப் பதிலாக நமக்கு வேறொன்று கிடைக்கிறது. மார்ச் நான்காம் வாரத்திலும் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலும் பகல் ஒரு மணியளவில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். தண்ணீர்ப் போத்தலை வெளியே நிறுத்தினால் நிழல் அதன் காலடியிலேயே ஒளிந்துகொள்ளும். லண்டன் பிள்ளை தன் ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்கவே முடியாது. இதைச் சொல்லும் சிறுவர் புத்தகம் எதுவும் இதுவரை என் கையில் அகப்படவில்லை.

பால்வீதிப் படங்கள் அழகுதான். அதைப் பார்த்துவிட்டு பிள்ளை வெளியே வந்து தலையைத் தூக்கினால் ஆரஞ்சு நிற மேகம்தான் தெரியும். 2016இல் வெளியான உலக ஒளி மாசு வரைபடத்தின்படி, கண் இருட்டுக்கு முழுதாகப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ்தான் சிங்கப்பூரர்கள் அத்தனை பேரும் இருக்கிறோம். ஆனால் கோள்கள் தெரியும். வெள்ளியையும் வியாழனையும் சிராங்கூன் சாலையின் தீபாவளி விளக்குகளாலும் மறைக்க முடியாது. ஆகவே சின்னப் பிள்ளைக்கு முதல் புத்தகம் வாங்குகிறவர்கள் கருந்துளையை விட்டுவிட்டுக் கோள்களில் தொடங்குங்கள் என்பது என் கட்சி.

கோள்கள் என்றதும் தமிழுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ் விண்வெளிப் புத்தகம் என்றால் கடினமான சொற்கள் வருமே என்று பெற்றோர் தயங்குகிறார்கள். ஆனால் பாலர் பள்ளியிலேயே பிள்ளைக்கு செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாம் தெரிந்துவிடுகிறதே! கிழமைகளைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்து கோள்கள் இலவசம். ஞாயிறும் திங்களும் சேர்ந்தால் சூரியனும் நிலாவும் வந்துவிடும். செவ்வாய் சிவப்பு, வெள்ளி வெள்ளை என்று பெயருக்குள்ளேயே நிறமும் இருக்கிறது. மாதப் பெயர்களையும் கேட்டுப் பாருங்கள். கார்த்திகை மாத முழுநிலவு கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் பக்கத்தில் வரும். தைப்பூசத்தன்று காவடி பார்க்கப் போகும் பிள்ளையிடம், இன்று நிலா பூச நட்சத்திரத்தின் அருகில் இருக்கிறது, அதனால்தான் இந்தப் பெயர் என்று எத்தனை பேர் சொல்கிறோம்? நானும் ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். சில தமிழ்ப் புத்தகங்களில் நிலவுக்கு மனிதனை அனுப்பும் ராக்கெட்டை "ஏவுகணை" என்று எழுதிவிடுகிறார்கள். ஏவுகணை குண்டு போடப் போவது. ராக்கெட் என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

வாங்குவதற்கு முன்னால் புத்தகம் அச்சான ஆண்டைப் பாருங்கள். 2006 ஆகஸ்ட்டில் பிராக் நகரில் கூடிய வானியலாளர்கள் புளூட்டோவைக் குறுங்கோள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஒன்பது கோள் போட்ட புத்தகம் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட வேண்டாம். புதிய புத்தகத்தோடு பக்கத்தில் வைத்து, ஏன் மாறியது என்று பிள்ளையையே கேட்க வைக்கலாம். சனியின் துணைக்கோள்கள் இன்னும் வேடிக்கை. 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 புதிதாகச் சேர்ந்து மொத்தம் 274 ஆகிவிட்டன. அச்சில் இருக்கும் எந்த எண்ணையும் நம்பி மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள்.

அப்புறம், எல்லாப் புத்தகங்களும் சொல்லும் ஒரு பொய் உண்டு. கோள்களைப் பள்ளிப் பிள்ளைகள்போல வரிசையாக, தோளோடு தோள் உரச நிற்க வைத்துப் படம் போடுவார்கள். புத்தகப் பக்கத்தில் வேறு வழியில்லை, பாவம். அதைச் சரிசெய்ய பேத்தியையும் அவள் தோழிகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பூமி ஒரு சென்டிமீட்டர் கோலிக்குண்டு என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் சூரியன் ஐந்து வயதுப் பிள்ளையின் உயரத்துக்கு ஒரு பந்து. அதை அங் மோ கியோ எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் வைத்ததாகக் கற்பனை. பூமி 117 மீட்டர் தள்ளி வந்தது. நிலா அதிலிருந்து ஒரு அடிக்கோல் தூரம். வியாழன் 600 மீட்டர் தாண்டி. சனி ஒரு கிலோமீட்டருக்கும் மேல், ஏறக்குறைய பீஷான்-அங் மோ கியோ பூங்கா பக்கம். நெப்டியூனுக்கு மூன்றரைக் கிலோமீட்டர். பீஷானையும் பிராடலையும் தாண்டி, தோ பாயோ போகிற வழியில் எங்கோ.

சனி வரைக்கும் ஒழுங்காக நடந்தார்கள். அங்கே ஓர் ஐஸ்கிரீம் வண்டி நின்றது. மூன்று பேருக்கும் ரொட்டியில் வைத்து வாங்கிக் கொடுத்தேன். தின்று முடித்ததும் கிளம்பலாமா என்று கேட்டேன். நெப்டியூனுக்கு எம்ஆர்டியில் போகலாம் என்றாள் பேத்தி.