பத்து மாத அட்வான்ஸும் படித்த பிள்ளைகளும்

(தாம்பரத்தில், பழைய மாணவர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய பழைய மாணவர் மன்றச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கவுன்சிலர் அம்மா அவர்களே, மைக்கும் நாற்காலியும் தந்து உதவிய வணிகர் சங்க அண்ணன்களே, இந்த ஆண்டு பட்டம் வாங்கியிருக்கும் என் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். கவுன்சிலர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. போன மழையில் இந்தத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, ராத்திரியிலேயே மோட்டாரோடு வந்தவர் அவர்.

மூன்று விஷயம் பேச வந்தேன். வாடகை அட்வான்ஸ், வீட்டுக் கடன், அரசு கட்டித் தர வேண்டிய வாடகைக் குடியிருப்பு.

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று என் அப்பா அடிக்கடி சொல்வார். அவர் காலத்தில் கட்டுவதுதான் பாடு. இன்றைக்கு வாடகைக்குப் பிடிப்பதே அந்தப் பாடாகிவிட்டது.

என் அக்கா மகன் பி.இ. முடித்து சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்ந்தான். கையில் வருவது 24,000 ரூபாய். பி.ஜி. விடுதியில் நான்கு பேர் ஒரே அறையில் இருந்தார்கள். அவன் அப்பா தவறிய பிறகு, அம்மாவை அழைத்து வர வீடு தேடினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கூடப் போனேன். மேடவாக்கத்தில் முதல் வீட்டில், “பேச்சிலருக்குத் தர்றதில்ல.” அம்மா வருவார் என்றோம். “அம்மா வந்தப்புறம் வாங்க.” அடுத்த வீட்டில் மீன் சமைப்போமா என்று கேட்டார்கள். சமைப்போம் என்றான் பையன். கதவு சாத்திக்கொண்டது. மூன்றாவது வீடு இரண்டாம் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவர். வாடகை 12,000. அட்வான்ஸ் பத்து மாதம், 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாதம். முதல் மாத வாடகையும் சேர்த்தால் 1,44,000. அவனுடைய ஆறு மாதச் சம்பளம் அப்படியே!

அக்கா தன் ஐந்து பவுன் சங்கிலியை அடகு வைத்தாள். அந்த ரசீதை நான்காக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். இரண்டு வருஷம் கழித்துக் காலி செய்தபோது, வீட்டுக்காரர் சுவரில் விரல் வைத்து ஆணி ஓட்டைகளை எண்ணினார். பதினான்கு. காலண்டர் மாட்டியது ஒன்றுதான் எங்களுடையது. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்தார். மீதியை இரண்டு தவணையாகத் தந்தார். இரண்டாவது தவணை வருவதற்குள் சங்கிலி ஏலத்துக்குப் போய்விட்டது. அக்கா யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது. அதற்குப் பதிலாக வந்த 2017 சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது மூன்று மாதம் என்கிறது. ஆனால் முன்னால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள், வேறு ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று. அந்த வரிதான் என் அக்காவின் சங்கிலியைக் கொண்டுபோனது. ஆறு மாதம், பத்து மாதம் என்று எழுதி நீட்டினால், சாவி கிடைத்தால் போதும் என்று நிற்கும் பையன் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வான்? மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதத்தோடு நிறுத்துகிறது. நாம் கேட்பது மூன்று. அந்த ஒரு வரியை எடுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. பென்ஷன் இல்லாமல் மாடி வாடகையை நம்பியே வாழும் பெரியவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள். வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடிவிடுவானோ என்ற அவர்கள் பயம் நியாயமானது. அதற்குத்தான் மூன்று மாதப் பணம். அப்புறம், அதே சட்டத்தில் வாடகை நீதிமன்றமும் இருக்கிறது.

வீட்டுக் கடன் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். ‘வீட்டைக் கட்டிப் பார்’ என்று யார் உசுப்பினாலும், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே இருபது வருஷ இ.எம்.ஐ.யில் மாட்டிக்கொள்ளாதீர்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு நடத்தும் தோழி விடுதிகள் நல்ல காரியம். அதுபோல அரசு கட்டித் தர வேண்டிய மற்ற வாடகைக் குடியிருப்புகளைப் பற்றி விரிவாகப் பேசத்தான் நினைத்தேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், சரி.

வாசலில் இடது பக்கம் மேசை போட்டிருக்கிறோம். மூன்று மாத வரம்பைக் கட்டாயமாக்கச் சொல்லும் மனு அங்கே இருக்கிறது. முதல் கையெழுத்தை முதல்வர் ஐயா போட்டுவிட்டார். அடுத்ததைக் கவுன்சிலர் அம்மா போட வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். வாடகை ஒப்பந்தத்தின் நகல் வைத்திருப்பவர்கள் அதையும் கொடுத்துவிட்டுப் போங்கள், மனுவோடு இணைத்து அனுப்புகிறோம்.