அல்லித் தண்டின் நீளம்

நேயர்களுக்கு வணக்கம். 'வெள்ளத்து அனைய மலர்நீட்டம்' என்று தொடங்கும் குறளைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்பீர்கள். தேர்வில் மதிப்பெண்ணெல்லாம் உள்ளம், உயர்வு என்று போகிற பாதிக்குத்தான். தாவரவியல் சொல்லிக்கொடுத்த எனக்கோ முதல் பாதி மீதுதான் கண். தண்ணீர் எவ்வளவோ, பூத்தண்டும் அவ்வளவு. எப்படி?

அல்லியை எடுத்துக்கொள்வோம். புலவர்களுக்கு அது ஆம்பல். கிழங்கு சேற்றில் கிடக்கும். இலை மேலே வந்து மிதந்தாக வேண்டும். காற்று வாங்கும் துளைகள் இலையின் மேல்பக்கத்தில்தான் இருக்கின்றன. மழையில் குளம் ஏறினால் இலை மூழ்கிவிடும். அப்போது காம்புக்குள் எத்திலீன் வாயு வெளியேற வழியில்லாமல் சேரும். வாழைக்காயைப் பழுக்க வைக்கிறதே, அதே வாயுதான். இலை மிதக்கிற செடிகள் பலவற்றில் காம்பை நீளச் செய்வது இதுதான். இலை நீர்மட்டத்தைத் தொட்டதும் வாயு கலைந்துவிடும், காம்பும் நின்றுகொள்ளும்.

சின்ன வயதில் அந்தத் தண்டை மாற்றி மாற்றி ஒடித்து, தோல் அறாமல் உரித்து, மாலையாகப் போட்டுக்கொள்வோம். ஒடித்த இடத்தில் குழாய் குழாயாகத் துளைகள் தெரியும். சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குக் காற்று போகிற வழி அது. மாலை போட்ட காலத்தில் இது யாருக்குத் தெரியும்!

கோடையில் குளம் வற்றினால் பறவைகள் போய்விடும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அங்கேயே கிடக்கும் என்கிறது மூதுரை. உறவுக்குச் சொன்னது என்றாலும் செடிக்கும் சரி. வெடித்த சேற்றுக்குள் கிழங்கு உறங்கும், அடுத்த மழைக்கு இலை விடும்.

ஆனால் தண்டு நீளுவதற்கும் ஓர் அளவு உண்டு. இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீர் அல்லிக்கு இதம். எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரியபோது நான்கு கரையையும் சுவர்போலச் செங்குத்தாக வெட்டிவிட்டார்கள். கிழங்குகள் மண்ணோடு லாரியில் ஏறிப் போயின. தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கமாவது சரிவாக விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம் பக்கத்து ஊர் வாய்க்காலில் இரண்டு கிழங்கு வாங்கி வந்து, படித்துறை ஓரம் கொஞ்சம் மேடாக இருந்த இடத்தில் புதைத்தோம். ஐப்பசி மழைக்கு நாலு இலை வந்திருக்கிறது. பூத்திருக்கிறதா என்று இருட்டிய பிறகுதான் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளை அல்லி, பகலில் மூடிக்கொள்ளும்.