ஊசியும் நித்திரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நித்திரை வருவதில்லை என்று வைத்தியரிடம் வருபவர்களில் முந்தி அநேகமானோர் வயது போனவர்கள்தான். மூட்டு வலி, இரவில் சலத்துக்கு எழும்புவது, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையைப் பற்றிய கவலை என்று காரணங்கள் இருக்கும். இப்போது 20, 25 வயதுப் பெடியளும் வருகிறார்கள். அகன்ற தோள், இறுகின மார்பு, பார்த்தால் ஒரு வருத்தமும் இல்லாத உடம்பு. "டொக்டர், இரவிரவாகப் புரண்டு கொண்டுதான் கிடக்கிறன், ஒரு குளிசை எழுதித் தாங்கோ" என்பார்கள். வேலை, சோதனை, வீட்டுப் பிரச்சினை எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, கதவுப் பக்கம் ஒருக்கால் பார்த்துவிட்டு மெதுவாகச் சொல்வார்கள்: ஜிம்மில் தெரிந்த ஒரு அண்ணை தந்த ஊசி போடுவதாக.

சதை வைக்கப் போடுகிற அந்த ஸ்டெரொய்ட் ஊசியையும் அது பறிக்கிற நித்திரையையும் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன். ஈரலும் இதயமும் பழுதாவது வெளியில் தெரிய வருடக்கணக்கில் ஆகலாம். நித்திரை குழம்புவது பலருக்குச் சில கிழமைகளிலேயே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு நித்திரைக் குளிசையைப் போட்டு அதை அமுக்கிவிட்டால், மற்றவை எல்லாம் சத்தமில்லாமல் நடந்து கொண்டே இருக்கும். எனக்குப் பயம் அதில்தான்.

தொடங்க முதல் ஒரு எச்சரிக்கை. ஸ்டெரொய்ட் என்ற பெயரில் இரண்டு வகை மருந்து உண்டு. தொய்வுக்கும் மூட்டு வாதத்துக்கும் வைத்தியர் தருகிற பிரட்னிசலோன் போன்றவை ஒரு வகை. அவையும் நித்திரையைக் குழப்பக் கூடியவை. அதனால்தான் காலையில் போடச் சொல்கிறோம். ஆனால் அவற்றை நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து. இந்த உரையைக் கேட்டுவிட்டு எந்த அம்மாவும் எந்த ஐயாவும் தங்கள் தொய்வுக் குளிசையை நிறுத்திவிட வேண்டாம். நான் சொல்லப் போவது மற்ற வகை. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஓமோனும் அதைப் போலச் செய்யப்பட்ட நன்ட்ரோலோன், ஸ்டானோசோலோல், ட்ரென்போலோன் போன்றவையும்தான் அவை.

டெஸ்டோஸ்டிரோனை ஆய்வுகூடத்தில் முதலில் தயாரித்தது 1935 இல். உடம்பில் அந்த ஓமோன் சுரக்காத ஆண்களுக்கு அது இன்றும் நல்ல மருந்து. விளையாட்டில் அது எப்படிப் புகுந்தது என்பது மூத்த நேயர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜோன்சன் 100 மீற்றரை 9.79 செக்கனில் ஓடி, ஸ்டானோசோலோல் பிடிபட்டுப் பதக்கத்தை இழந்தார். இன்றைக்கு அது பதக்கத்துக்காக மட்டும் போடப்படுவதில்லை. கலியாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது, அல்பம் எடுக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா வருகிறது, மேல் சட்டை இல்லாமல் நிற்க வேண்டும். மெலிந்தவன் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்ட பகிடி இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. இந்தக் காரணங்களை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஒரு பிள்ளை தன் உடம்பைப் பார்த்து வெட்கப்படுவது பெரிய வேதனை.

சரி, நித்திரை ஏன் போகிறது? ஒரு ஆணின் உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 தொடக்கம் 7 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனைத்தான் சுரக்கிறது. கிழமைக்கு 50 மில்லிகிராம் அளவு. ஜிம் பெடியள் கிழமைக்கு 500 என்றும் அதற்கு மேலும் ஏற்றுகிறார்கள். அந்த ஓமோனுக்கு ஒரு நேர ஒழுங்கும் உண்டு. நித்திரையில் ஏறி, விடியற்காலையில் உச்சத்துக்கு வந்து, பின்னேரம் இறங்கும். ஊசி இந்த ஒழுங்கை அழித்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கும் உடம்பு ஓய்வுக்கு இறங்காமல் விழித்தபடியே நிற்கிறது. மூளைக்கும் இந்த ஓமோன் போகிறது என்பதை மறக்கக் கூடாது. படபடப்பு, எரிச்சல், ஒரு சின்னச் சொல்லுக்கே பொங்கி எழும் கோபம், இவை எல்லாம் அங்கே இருந்துதான் வருகின்றன. எண்ணெயில் கலந்து வரும் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேற் ஊசி என்றால், போட்ட முதல் மூன்று நாளுக்குள் அதன் அளவு உச்சத்துக்குப் போகும். ஊசி போட்ட பிறகு வரும் முதல் இரவுகளில்தான் கஷ்டம் கூட என்று சிலர் தாங்களாகவே கவனித்துச் சொல்வார்கள். சரியான கவனிப்பு.

ட்ரென்போலோன் என்பது அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்குச் சதை வைக்கக் கொடுக்கிற மருந்து. அதைப் போடுபவர்கள் இரவில் பாய் நனையும் அளவுக்கு வியர்த்து எழும்புவார்கள். சித்திரை வெயிலில் எல்லாருக்கும்தானே வியர்க்கிறது என்று வீட்டில் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. இதோடு கொழுப்புக் கரைய என்று கிளென்பியூட்டரோல் குளிசையும் சேர்ந்துவிடும். அது ஸ்டெரொய்டே இல்லை. இதயத்தை ஓட வைக்கிற மருந்து. கை நடுங்கும், நெஞ்சு அடிக்கும். ஒரு முறை போட்டதில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஒன்றரை நாள் அளவு எடுக்கும். அதற்கும் மேலாக, பயிற்சிக்கு முதல் குடிக்கிற அந்தத் தூள். ஒரு கரண்டியில் இரண்டு மூன்று கோப்பை கோப்பிக்குச் சமனான கஃபீன் இருக்கக் கூடும். படுக்கப் போக 6 மணித்தியாலத்துக்கு முன்னர் 400 மில்லிகிராம் கஃபீன் எடுத்தாலே நித்திரையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எங்கள் பெடியள் வேலை முடிந்து ஏழு, எட்டு மணிக்குத்தான் ஜிம்முக்கே போகிறார்கள். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இனி நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய விசயம், குறட்டை. ஸ்டெரொய்ட் போடுபவருக்குக் கழுத்து தடிக்கிறது, உடம்பில் நீர் கட்டுகிறது, மூச்சைச் சீராக வைத்திருக்கும் கட்டுப்பாடும் குழம்பலாம். நித்திரையில் மூச்சு சில விநாடி நின்று, பிறகு திணறி எழும்புவார். அவருக்கு அது ஞாபகம் இருக்காது. "எட்டு மணித்தியாலம் படுத்தனான், விடியத் தலையிடி, பகலெல்லாம் நித்திரை தூங்குது" என்றுதான் சொல்வார். அதே நேரம் குருதியில் செங்குழியங்கள் கூடி இரத்தம் தடித்துப் போகிறது. செங்குழியங்களின் பங்கு 54 சதவீதத்தைத் தாண்டினால், முறையாக டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சை கொடுக்கிற வைத்தியரே அதை நிறுத்திவிடுவார். குருதி அமுக்கமும் கூடியிருக்கும். இப்படியான ஒருவர் நித்திரைக் குளிசையையும் போட்டு, மேலே இரண்டு போத்தல் பியரும் குடித்தால், நின்ற மூச்சைத் திரும்ப எடுக்க மூளை எழும்பப் பிந்தும். பாமசியில் தெரிந்த ஆளிடம் இரண்டு குளிசை வாங்கிப் போடுவதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்று இப்போது விளங்கும். குறட்டை விட்டு மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுப்பவர்தான் கவனிக்க முடியும். மனைவியோ தம்பியோ கைபேசியில் ஒரு நிமிடம் பதிந்து வைத்தால், அது எங்களுக்குப் பெரிய உதவி.

சதைக்காக ஊசி போடுகிற தம்பிக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளர்ச்சி ஓமோனில் பெரும் பங்கு இரவின் முதல் பகுதியில், ஆழ்ந்த நித்திரையில் சுரக்கிறது. 2011 இல் வெளியான ஒரு ஆய்வில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு கிழமைக்கு இரவில் 5 மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டார்கள். பகலில் அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் 10 தொடக்கம் 15 சதவீதம் குறைந்தது. ஊசி எதுவும் போடாத பிள்ளைகள் அவர்கள். காசு கொடுத்து ஊசியில் வாங்குவதை உடம்பு நித்திரையில் தானாகவே செய்கிறது. பயிற்சியில் கிழிந்த சதை பொருந்துவதற்கும் நல்ல நித்திரை உதவுகிறது.

இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம். காரணம் ஊசி என்றால், ஊசி இருக்கும் வரை முழு நித்திரை திரும்பாது. இதை நான் மறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இன்று இரவே செய்யக் கூடியவையும் இருக்கின்றன. பயிற்சித் தூளையும் கிளென்பியூட்டரோலையும் இன்றோடு விடுங்கள். ஜிம்மை விடியப்புறத்துக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் படுக்கைக்கு மூன்று மணித்தியாலம் முன்பாவது முடியுங்கள். இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டியும் ஆறு முட்டையும் வேண்டாம். பின்னேரம் புட்டோடு மீனும் பயறும் சாப்பிட்டாலே புரதம் போதும். எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள், ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். இருக்கிற வழிகளில் எனக்கு நம்பிக்கை கூடியது இதில்தான். நித்திரை தூங்கினால் மட்டும் பாய்க்குப் போங்கள். இருபது நிமிடம் போல புரண்டும் வரவில்லை என்றால் எழும்பி விறாந்தையில் மங்கின வெளிச்சத்தில் இருங்கள், கைபேசி இல்லாமல். தூங்கி விழும்போது திரும்பப் போங்கள். பாயில் கிடந்து மணிக்கூட்டைப் பார்த்துக் கவலைப்படுகிற பழக்கத்தை மூளை இப்படித்தான் மறக்கும். முதல் கிழமை இப்போதையிலும் கூடக் களைப்பாக இருக்கும், பலன் தெரியச் சில கிழமை எடுக்கும். அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளில் தூரப் பயணம் வேண்டாம், ஓட்டோ ஓட்டுகிற தம்பிமார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நித்திரையின்மைக்கு உலகம் முழுவதும் முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவது இந்த முறைதான். குளிசை அதற்குப் பிறகுதான்.

அப்புறம், ஊசியை நிறுத்துவது. வெளியில் இருந்து இவ்வளவு ஓமோன் வரும்போது மூளையில் உள்ள கபச்சுரப்பி, விதைகளுக்கு அனுப்புகிற கட்டளையை நிறுத்திவிடும். பவுசரில் தண்ணீர் வந்து தொட்டி நிரம்பி வழிகிற வீட்டில் யார் கிணற்று மோட்டரைப் போடுவார்கள்? மாதக்கணக்கில் போடாத மோட்டர் பவுசர் நின்ற அன்றே ஓடுவதும் இல்லை. ஊசி நின்றதும், ஊசியில் வந்த ஓமோனும் இல்லாமல் உடம்பு தானாகச் சுரக்கிற ஓமோனும் போதாமல் ஒரு காலம் வரும். சிலருக்குச் சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அந்தக் காலத்திலும் நித்திரை வராது, ஆனால் முந்தின படபடப்பு போய், உடல் தளர்ந்து, ஒன்றிலும் விருப்பமில்லாமல், விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வரும். சதை இறங்குவதைக் கண்ணாடியில் பார்ப்பார். பலர் திரும்ப ஊசிக்குப் போவது இங்கேதான். சிலருக்கு உயிரை விட வேண்டும் என்ற எண்ணமே வருகிறது. அதனால்தான் நிறுத்தும்போது தனியாக நிறுத்தாதீர்கள் என்கிறேன். யாழ். போதனா வைத்தியசாலையில் ஓமோன் சம்பந்தமான விசேட வைத்தியரையும் மனநல வைத்தியரையும் பார்க்கலாம். குருதிப் பரிசோதனை செய்து, உங்கள் உடம்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சிகிச்சை தருவார்கள். பெட்டியில் வந்த ஊசியோடு சேர்த்து விற்கிற "ஓமோனைத் திரும்பக் கொண்டு வருகிற" குளிசைகளை நீங்களாகப் போடாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது.

பெற்றோருக்கு ஒரு சொல். அறையில் ஊசியைக் கண்டால் சத்தம் போடவும் ஊரைக் கூட்டவும்தான் முதலில் மனம் வரும். "தம்பி, இரவு நித்திரை வருதோ?" என்று கேட்டுப் பாருங்கள். ஊசியைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்லுகிற பிள்ளை, நித்திரையைப் பற்றிக் கேட்டால் உண்மை சொல்லும். நான் கண்டவர்களில் பலர் யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர்கள்தான்.

கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் குப்பியையும் குளிசைப் பெட்டியையும் கையோடு கொண்டு போங்கள். கள்ளச் சந்தையில் வருகிற குப்பிகளில் லேபலில் ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருப்பது வழமை, ஆகவே எப்போது தொடங்கியது, கிழமைக்கு எத்தனை, கடைசி ஊசி எந்தத் திகதி என்பதையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். நன்ட்ரோலோன் போன்றவை நிறுத்தின பிறகும் கிழமைக்கணக்கில் உடம்பில் நிற்கும், அதனால் அந்தத் திகதி எங்களுக்கு மிக அவசியம். ஒரே ஊசியை இரண்டு பேர் பாவித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஈரல் அழற்சிக்கும் எச்.ஐ.வி.க்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வைத்தியரிடம் சொன்னதை வைத்தியர் வெளியில் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் கட்டாயம். நெஞ்சு நோ, மூச்சு எடுக்க முடியாமை, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்று வந்தால் கிளினிக் நாளைப் பார்க்காமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், வந்தவுடன் ஊசி விசயத்தை முதலில் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.